ஆளுக்கு ஒரு பாட்டில்

கடைக்கு முதலாளி வேறொருவர். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுவது பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தித் தருகிற இவரைத்தான். வீட்டிலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. மனைவிக்குக் கோபம் வந்தால், "என்ன கண்ணாடிக்காரரே, காது கேக்கலையா?" என்பாள். கோபம் வராத நாளிலும் அப்படித்தான் கூப்பிட்டாள். இப்போது வீட்டில் கூப்பிட ஆளில்லை. அவருக்கும் வாய் திறந்து பேச வேண்டிய அவசியம் குறைந்துபோயிற்று. காலையில் கடைக்குப் போய், "இதைப் போட்டுப் பாருங்க, தூரத்துல இருக்கறதைப் படிங்க" என்று சொல்லும்போதுதான் அன்றைக்குத் தன் குரலை அவரே முதன்முதலாகக் கேட்பார்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேசைமேல் இரண்டு ஒயின் பாட்டில்களை நிற்கவைத்துக்கொண்டு அவரும் அவருடைய சகலையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. பெட்டி கட்ட உதவி செய்யச் சொல்லிச் சகலையைக் கொழுந்தியாள் அனுப்பியிருந்தாள். பெட்டி கட்டி முடிந்துவிட்டது. பாட்டில்தான் பாக்கி.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்றார் சகலை. "ரெண்டையும் இங்கயே வச்சுட்டுப் போங்க. கப்பல்ல கிடைக்காத ஒயினா? ரூம் நம்பரைச் சொன்னா போதும், ஊத்திக்கிட்டே இருப்பான்."

"அவ வாங்கி வச்சது."

"சரி. அப்ப ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க."

"ஆளுக்கு ஒண்ணுதான் விடுவாங்க."

சகலை மேசைமேல் இருந்த ஈரத்தை விரலால் இழுத்து ஒரு கோடு போட்டார்.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவள் கண்ணாடிக்காரரின் மனைவிதான். கப்பல் கம்பெனிக்காரன் கொடுத்த விதிமுறைகளை ஒரு வரி விடாமல் படித்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கப்பலில் ஏறுகிறபோது வயது வந்த ஒவ்வொருவரும் மூடி திறக்காத ஒயின் பாட்டில் ஒன்றைக் கைப்பையில் கொண்டுவரலாம். அறையில் வைத்துக் குடித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப்போனால் திறந்து ஊற்றுவதற்குக் கட்டணம் உண்டு. கணக்குக்கு மேல் கொண்டுவந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், திரும்பக் கிடைக்காது. "கப்பல்ல ஒரு கிளாஸுக்குக் கேக்கற காசுல இங்க பாட்டிலே வாங்கிடலாம்" என்றாள். "நமக்கு ரெண்டு. உங்களுக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை. சிவப்பு குடிச்சா எனக்குத் தலை வலிக்கும். ரூம் பால்கனியில உட்காந்து, நம்ம பாட்டில், நம்ம கிளாஸ். எவன் கேக்கறான்?"

அவர்கள் பெரிய குடிகாரர்கள் இல்லை. கல்யாண நாள், பிறந்த நாள் என்று எப்போதாவது ஒரு கிளாஸ். அவளுடைய கிளாஸிலிருந்து அவர் குடித்ததில்லை, அவருடையதிலிருந்து அவளும் குடித்ததில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் இருவருக்குமே பதில் தெரிந்திருக்காது.

பாட்டில்களை வாங்கி அலமாரியில் வைத்த பிறகு மழைக்காலம் வந்தது. கூடவே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

"நானே உங்ககூட வந்திருப்பேன்" என்றார் சகலை. "ஆனா டிக்கெட்டுல பேர் மாத்த முடியாதுங்கறான். அப்படியே மாத்தினாலும் உங்க கொழுந்தியா விடணுமே. நான் ரெண்டு நாள் நிம்மதியா இருந்துருவேன்னு அவளுக்கு அவ்வளவு பயம்."

கண்ணாடிக்காரர் லேசாகச் சிரித்தார்.

"எதாவது ஒண்ணைத் தேர்ந்தெடுங்க" என்றார் சகலை, குரலைத் தணித்துக்கொண்டு. "உங்களோடதை எடுத்துட்டுப் போங்க. அண்ணி ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"அவளோடதை விட்டுட்டா?"

"அப்ப அவங்களோடதை எடுத்துட்டுப் போங்க."

"நான் வெள்ளை குடிக்கறதில்லையே."

"உங்களுக்கு வழி சொல்ல என்னால ஆகாது சாமி" என்று சகலை எழுந்துவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பிவந்து அவர் தோளில் கையை வைத்தார். பிறகு போனார்.

கண்ணாடிக்காரர் இரண்டு பாட்டில்களையும் ஆளுக்கொரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். நாளைக்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை.

துறைமுகக் கூடத்தில் கயிறு கட்டிப் பிரித்த வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனது. முன்னால், பைகளை ஊடுருவிப் பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில், நீலக் கையுறை போட்ட ஒரு பெண் தள்ளுவண்டியோடு நின்றாள். வண்டியில் பிடுங்கப்பட்ட பாட்டில்கள் கழுத்தும் கழுத்துமாகச் சாய்ந்துகிடந்தன. இளம் தம்பதி ஒன்று அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தது. "நாங்க ரெண்டு பேர், மூணு பாட்டில், இதுல என்னங்க பெரிய குத்தம்?" என்றான் கணவன். கையுறைக்காரி மூன்றாவதை எடுத்து வண்டியில் படுக்கவைத்தாள்.

கண்ணாடிக்காரர் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அந்த வண்டியில் மனைவியுடைய பாட்டில் படுத்திருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பின்னால் நின்ற பெண்மணி சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். தாடையை உயர்த்தினாள், தாழ்த்தினாள், தலையைச் சாய்த்தாள். புதுக் கண்ணாடி என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸ். செப்பு நிறத்தில் மெல்லிய ஃபிரேம், முட்டை வடிவம். வலது காதுப்பட்டை வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. பொருத்தியவன் அவசரத்தில் பொருத்தியிருக்கிறான்.

"பக்கவாட்டுல பாக்கணும்னா கண்ணைத் திருப்பாதீங்க, தலையைத் திருப்புங்க" என்றார். "கொஞ்ச நாள்ல பழகிடும்."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"கண்ணாடிக் கடையில இருக்கேன்."

"நான் பஸ் ஓட்டினவ. தலையைத் திருப்பாம பக்கவாட்டுல பாக்கறதுதான் என் தொழிலே. என் பொண்ணு பாசத்துல வாங்கிக் குடுத்துட்டா. இதைப் போட்டா தரை எல்லாம் குழி விழுந்த ரோடு மாதிரி தெரியுது."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் தைரியமும் வந்திருக்க வேண்டும்.

"உங்ககிட்ட பாட்டில் ஏதாவது இருக்குங்களா?"

"தண்ணியா? இருக்கே."

"இல்லைங்க. ஒயின்."

"நல்லா கேட்டீங்க போங்க. தினமும் டிப்போவுல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி மெஷின்ல ஊதிக் காட்டணும். வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து ரிட்டயர் ஆற வரைக்கும் ஊதினவ நான். இருமல் மருந்துக்கே பயப்படுவேன். ஏன் கேக்கறீங்க?"

அவர் சொன்னார். தன்னிடம் இரண்டு இருக்கிறது, ஆளுக்கு ஒன்றுதான் விடுவார்கள், ஒன்றை மட்டும் உங்கள் பையில் வைத்து அந்த மெஷினைத் தாண்டிவிட்டால் போதும், உள்ளே போனதும் வாங்கிக்கொள்கிறேன்.

"இது யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு."

"அவங்க எங்க?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் இல்லை என்கிற வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உறவுக்காரர்களுக்குச் சகலை சொன்னார். கடைக்கு வருகிறவர்களுக்கு முதலாளி சொன்னார். அவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வரவேயில்லை. இப்போது வந்தது. வாய் வேறொன்றைச் சொன்னது.

"முன்னாடியே உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவளால ரொம்ப நேரம் நிக்க முடியாது. பை என்கிட்ட மாட்டிக்கிச்சு."

"ஐயோ பாவம். குடுங்க, குடுங்க." பஸ் ஓட்டினவள் பாட்டிலைத் துண்டோடு வாங்கித் தன் பைக்குள் செருகிக்கொண்டாள். "இந்த வயசுல கடத்தல் வேலை பாக்க வச்சுட்டீங்களே."

அவருடைய பை மெஷினைத் தாண்டியது. கையுறைக்காரி சிவப்பு பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "போய்க்கிட்டே இருங்க சார், நிக்காதீங்க" என்று ஒருவன் கையை வீசினான். அவர் திரும்பிப் பார்த்தார். பஸ் ஓட்டினவளை வேறொரு மேசைக்கு அழைத்துப் போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த கூட்டம் அவரை நெட்டித் தள்ளியது. உள்ளேதானே வரப்போகிறாள் என்று அவர் நடந்தார்.

அவள் பேரையோ அறை எண்ணையோ அவர் கேட்டிருக்கவில்லை. அது ஒரு ஊரே ஏறிக்கொள்ளக்கூடிய கப்பல் என்பது உள்ளே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

அறையில் எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன. தலையணை, துண்டு, உயிர்காப்பு மிதவை, பால்கனியில் நாற்காலி. அறையைச் சுத்தம் செய்கிறவன் வந்து, "மேடம் வந்ததும் சொல்லுங்க சார், எப்படி வேணுமோ அப்படிப் படுக்கையைப் போட்டுத் தரேன்" என்றான். அவர் தலையை ஆட்டிவைத்தார். சிவப்பு பாட்டிலை மேசைமேல் வைத்தார். அதைத் திறக்கத் தோன்றவில்லை. மனைவியை விட்டுவிட்டுத் தான் மட்டும் சாப்பிட உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று நினைத்தார். முதலில் வெள்ளை வரட்டும். இரண்டையும் பால்கனியில் அந்தச் சின்ன மேசைமேல் வைத்து, அவள் சொன்ன மாதிரியே, நம்ம பாட்டில், நம்ம கிளாஸ். அதற்காகத்தானே வந்தது.

தேட ஆரம்பித்தார். தேடுவது அவருக்குச் சிரமமான வேலையாகத் தோன்றவில்லை. ஒருவரைப் பார்த்தால் மூக்கும் வாயும் அவருக்கு நினைவில் தங்காது, ஃபிரேம் தங்கும். கடைக்கு வருகிறவர்கள் பேர் சொன்னால் விழிப்பார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தால் அவர்கள் குடும்பக் கதை வரைக்கும் சொல்லிவிடுவார். செப்பு நிறம், முட்டை வடிவம், வளைந்த காதுப்பட்டை. ஆயிரம் பேரில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மேல்தளம், கீழ்த்தளம், நீச்சல்குளம், பாட்டுக் கச்சேரி நடக்கிற கூடம், கடைவீதி மாதிரி இருந்த நடைபாதை, எல்லா இடத்திலும் நடந்தார். கறுப்பு ஃபிரேம், தங்க ஃபிரேம், ஃபிரேமே இல்லாதது, வெயில் கண்ணாடி, சங்கிலி கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டது, எல்லாவற்றையும் பார்த்தார். மேலே ஒரு தடவை செப்பு நிறம் தெரிந்தது. மூச்சு வாங்கப் படியேறிப் போனால், அது யாரோ ஒரு தாடிக்காரர்.

இறங்கி வரும்போது, தலையில் துணி கட்டிக் கனத்த கறுப்பு ஃபிரேம் போட்ட ஒரு அம்மாள் எதிரே வந்தாள். அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வழி கேட்கிறாள் என்று நினைத்து அவர் ஒதுங்கி நின்றார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறிப் போனாள். சாப்பாட்டுக் கூடத்திலும் அதே கறுப்பு ஃபிரேம் தூரத்தில் ஒரு மேசையிலிருந்து கையை ஆட்டியது. தன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

விசாரணை மேசையில் கேட்டுப் பார்த்தார். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான்.

"பேர் தெரியாது. ரூம் தெரியாது. அவங்க உங்களுக்கு என்ன உறவு சார்?"

"உறவு இல்லைங்க. அவங்க கண்ணாடி மட்டும் நல்லாத் தெரியும்."

பையன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "கண்ணாடியை வச்சு அறிவிப்புக் குடுக்க முடியாதே சார்."

சாப்பாட்டுக்கு அவருக்கு ஒதுக்கியிருந்தது இரண்டு பேர் உட்காரும் மேசை. பரிமாறுகிறவர் ஒவ்வொரு வேளையும் ஒயின் அட்டையை விரித்துக் காட்டுவார். ஒரே வேளையில் முடிக்க முடியாதவர்களுடைய பாட்டிலில் அறை எண்ணை ஒட்டி வைத்து, மறுநாள் ஞாபகமாக எடுத்துவந்து ஊற்றுவார்கள். பக்கத்து மேசைகளில் அப்படிப் பாதிப் பாட்டில்கள் வந்து நின்றன. அவர்கள் ஒருவருக்கொருவர் ஊற்றிக்கொள்வதைக் கண்ணாடிக்காரர் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"உங்களுக்கு என்ன ஊத்தட்டும் சார்?"

"வேண்டாங்க. என்கிட்ட இருக்கு."

"கொண்டுவாங்களேன், திறந்து தரேன். ஒரு சின்னக் கட்டணம்தான்."

"ஒண்ணுதான் வந்திருக்கு. இன்னொண்ணு வரணும்" என்றார் அவர். பரிமாறுகிறவர் புரிந்தமாதிரி தலையசைத்து எதிர் நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டை எடுக்காமல் போனார்.

கடல் ஒரே மாதிரி இருந்தது. பால்கனியில் உட்கார்ந்தால் காதில் விழுவது தண்ணீர் கிழிபடுகிற சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மனசு என்னென்னவோ பேசிற்று. அந்தப் பெண்மணிக்கு ஏதாவது ஆகிவிட்டதா? அன்றைக்கு மேசையில் பிடித்து வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களா? இல்லை, பாட்டில் வண்டிக்குள் போய்விட்டதா? சகலை சொன்னதைக் கேட்டு இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் அவை அலமாரியில் ஒன்றாக நின்றிருக்கும். இப்போது ஒன்று இங்கே, ஒன்று எங்கேயோ. இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக ஆசைப்பட்டுத் தன் கையாலேயே பிரித்துவிட்டோமே என்று நினைத்தார்.

ஒரு காலை, மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்பு ஃபிரேம் வந்து நின்றது.

"ஏங்க, உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?"

குரலைக் கேட்டதும் திரும்பி, முதலில் அந்த ஃபிரேமைத்தான் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல அதற்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்தது.

"நீங்களா! அந்தக் கண்ணாடி..."

"அதுவா? கப்பல் ஆடுது, கண்ணாடியும் ஆடுது. முதல் நாளே வாந்தி. கழட்டிப் பெட்டியில போட்டுட்டு என் பழைய வண்டி ஓட்டற கண்ணாடியை மாட்டிக்கிட்டேன். அதை விடுங்க. படியில நேருக்கு நேர் வந்தேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. சாப்பிடற இடத்துல கையை ஆட்டினேன். உங்களுக்குப் பின்னாடி யாரோன்னு திரும்பிப் பாக்கறீங்க. நாலு பேர் பாக்க ஒரு பொம்பளைகிட்ட பேச வெக்கமா?"

"ஐயோ, இல்லைங்க. எனக்கு அடையாளம் தெரியலை. நான் உங்க ஃபிரேமைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்."

"ஃபிரேமைத் தேடினீங்களா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்ப நான் யாரு, அதை மாட்டற ஆணியா?"

அவரும் சிரித்துவிட்டார். நெஞ்சிலிருந்த கல் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது.

"பாட்டில் பத்திரமா இருக்குங்களா?"

அவள் சிரிப்பு நின்றது. கம்பியைப் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தாள்.

"நேத்து சாயந்திரம் குடிச்சுட்டேன்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"இவர் வேணும்னே நம்மள ஒதுக்கறாரு, பாட்டிலும் வேணாம், நாமளும் வேணாம்னு முடிவு பண்ணிட்டாரு போலன்னு நினைச்சேன். தினமும் அது என்னைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. இனிமே எந்த மெஷின்ல ஊதப்போறோம்னு தோணுச்சு. குடிச்சேன். பாதிதான் குடிச்சேன். தலை சுத்துச்சு. மீதியைத் தொட்டியில கொட்டிட்டேன். பாட்டிலையும் ரூம் சுத்தம் பண்றவன் எடுத்துட்டுப் போயிட்டான்." அவள் நிமிர்ந்தாள். "தப்புத்தான். உங்க வீட்டுல ரொம்பக் கோவிச்சுக்கிட்டாங்களா?"

தண்ணீர் கப்பலின் விலாவில் அடித்துக்கொண்டே இருந்தது. கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் கோபத்தை எடுக்கப் போன இடத்தில் ஒன்றுமே இல்லை. அவள் கேள்வி மட்டும் காதில் நின்றது. அவள் கேட்டது, இதோ இந்தப் படியிறங்கிப் போனால் ஓர் அறையில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியைப் பற்றி. உலகத்தில் இந்த ஒரு ஆளுக்கு மட்டும் அவர் மனைவி இன்னும் இருக்கிறாள்.

"இல்லைங்க" என்றார். "அவ ஒண்ணும் நினைக்க மாட்டா."

"நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கறேன். எந்த ரூம்?"

யோசிக்காமல் எண்ணைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு, "இப்ப வேணாம். தூங்கறா" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

அன்றைக்கு முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லை. பேச ஒரு ஆள் கிடைத்தும் அவளிடமிருந்து ஒளிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டதே என்று நினைத்தார். அவளைப் பார்த்தால் மனைவியைக் காட்ட வேண்டும். காட்ட முடியாது. அதனால் பார்க்க முடியாது. யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்டபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டியது அடுத்த அறைக் கதவை.

வெயில் சாய்கிற நேரத்தில் நிஜமாகவே அவர் கதவைத் தட்டினார்கள். பரிமாறுகிற உடுப்பில் ஒருவன், ஐஸ் நிரப்பிய வாளியோடு நின்றான். வாளியில் ஒரு வெள்ளை ஒயின் பாட்டில். பக்கத்தில் இரண்டு கிளாஸ்.

"நான் கேக்கலையே."

"ஒரு மேடம் அனுப்பினாங்க சார். பின்தளத்துல இருக்காங்க. காசு குடுத்தாச்சு. 'அவரோட வீட்டம்மாவுக்கு, நான் குடிச்சதுக்குப் பதிலா'ன்னு சொல்லச் சொன்னாங்க."

"இது கப்பல்ல வாங்கினதா?"

"ஆமா சார். நல்ல ஒயின்."

கதவைச் சாத்திவிட்டு அவர் கட்டில் முனையில் உட்கார்ந்தார். கப்பல் விலை. வரிசையில் நின்று அறிவிப்பைப் படிக்கத் திணறிய ஒரு பஸ் டிரைவர் தன் ஓய்வுப் பணத்தில் வாங்கியிருக்கிறாள். யாருக்கு? அவர் அந்தப் பாட்டிலையும் இரண்டு கிளாஸையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பொய்யாக இருந்தாலும் அதில் ஒரு சுகம் இருந்தது என்பதை மறுக்க முடியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டால் இந்தப் பயணம் முடிகிறவரை மனைவி இந்த அறையில் இருப்பாள். தூங்குவாள், தலைவலி என்பாள், வெளியே வர மறுப்பாள். துறைமுகத்தில் இறங்கும்போதுகூட, முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டாங்க என்று சொல்லிவிடலாம். ஆனால் இருக்கிறவளுக்கு ஒரு பாட்டில் வந்தால் அதை யாராவது குடித்தாக வேண்டும். இல்லாதவள் பேரில் வாங்கி வைத்துக்கொண்டால் அது திருட்டு.

ஐஸ் உருகிப் பாட்டில் ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பின்தளத்தில் பஸ் ஓட்டினவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கண் அவரைத் தாண்டி அவருக்குப் பின்னால் போனது. மேசையை இழுத்துப் போட்டு, பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு நாற்காலியை எடுத்துவந்தாள்.

"வாங்க, வாங்க. அக்கா மெதுவா வராங்களா? நான் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டுமா?"

"அவ வரமாட்டா."

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"அவ இந்தக் கப்பல்லயே இல்லைங்க."

"இல்லையா? தூங்கறாங்கன்னு காலையில சொன்னீங்களே?"

"ஏறவே இல்ல." அவர் வாளியை மேசைமேல் வைத்தார். கை ஈரமாக இருந்தது. "செத்துப் போயிட்டா."

சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. கப்பல் போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அவள் காலியாக இருந்த மூன்றாவது நாற்காலியை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து அதைத் திரும்ப எடுத்துப்போய் வைக்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் வைக்கவில்லை. அது அங்கேயே இருந்தது.

"அப்ப நான் குடிச்சது..." என்றாள்.

"அவ வாங்கி வச்சது. ரெண்டு பேரும் வரதா இருந்துச்சு."

"கடவுளே. அதைப் போய்த் தொட்டியில கொட்டிட்டேனே."

"பாதியைக் குடிச்சீங்கல்ல?"

"குடிச்சேன்."

"குடிக்கத்தான் வாங்கினா" என்றார். சொல்லும்போது அது உண்மை என்று அவருக்கே பட்டது. உட்கார்ந்தார்.

பரிமாறுகிறவன் ஒருவன் தானாகவே வந்து பாட்டிலை எடுத்துத் துடைத்து, கார்க்கை உருவி, இரண்டு கிளாஸிலும் ஊற்றிவிட்டுப் போனான். இருவருமே அவனைத் தடுக்கவில்லை. சூரியன் இறங்குகிற பக்கம் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. பஸ் ஓட்டினவள் கிளாஸைத் தொடவில்லை. கண்ணாடிக்காரர் எடுத்தார். வெள்ளை ஒயின் அவர் குடிப்பதில்லை. ஒரு வாய் குடித்தார். சில்லென்று இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"அதுவும் இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எது?"

"அவளோடது."

அவள் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பிறகு தன் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து, உதட்டை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"இல்ல. இது வேற."

"எப்படி வேற?"

"எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. நான் குடிச்சதே அது ஒண்ணுதான்."

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க. எனக்கு அது எப்படி இருக்கும்னே தெரியாது. அவளோடதை நான் வாயில வச்சதில்ல."

அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். கண்ணை மூடினாள்.

"காலங்காத்தால டிப்போவுல வண்டி நிக்கும். முன்கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருக்கும். வைப்பரை ஒரு இழுப்பு இழுத்தா ரோடு பளிச்சுன்னு தெரியும் பாருங்க. முதல் வாய் அப்படித்தான் இருந்துச்சு. பல்லு கூசுச்சு. அப்புறம் காதோரம் சூடாச்சு. இவ்வளவுதானா, இதுக்கா தினமும் ஊதச் சொன்னாங்கன்னு நான் பாட்டுக்குத் தனியா உட்காந்து சிரிச்சேன்."

"புளிப்பா?"

"புளிப்புத்தான். ஆனா முகம் சுளிக்கிற புளிப்பு இல்ல." அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "வேகமா சொல்றேனா?"

"கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றார் அவர். "முடிஞ்சா முதல்ல இருந்து."

"முதல்ல இருந்தா..." அவள் நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "உங்க துண்டைப் பிரிச்சேன். இது மாதிரி கார்க்கெல்லாம் இல்ல அதுல, திருகற மூடிதான். பிடிச்சுத் திருகினேன். டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."